வீட்டில் பிறந்த பாட்டும் வீட்டில் பிறந்த வானொலியும்

மக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். கொடுத்தால் குறைபவை ஒரு வகை. கொடுத்தாலும் குறையாதவை மற்றொரு வகை. நெல்லும் பொன்னும் முதல் வகையைச் சேர்ந்தவை. பாட்டு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஒருத்தி தன் வீட்டுத் தாலாட்டை அடுத்த வீட்டுக்காரிக்குச் சொல்லிக் கொடுத்தால் அவளிடம் இருந்தது குறைந்துபோவதில்லை. ஒரு தொட்டிலில் ஒலித்தது இரண்டு தொட்டில்களில் ஒலிக்கிறது, அவ்வளவே. விலையின்றிக் கொடுத்ததனால்தான் நாட்டுப் பாடல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன.

ஆனால், பாடுகிறவரின் குரல் எட்டும் தூரத்துக்கு அப்பாலும் பாட்டைக் கொண்டு செல்லும் கருவிகள் தோன்றிய பிறகு, முன்பு எவரும் கேளாத கேள்விகள் சில எழுந்தன. அந்தக் கருவி யாருடையது? அதன் வழியே பாட்டை அனுப்ப யாருக்கு அனுமதி உண்டு? கேட்பவர் யாரென்று தெரியாமலே பாட்டைக் கொடுத்துவிட்ட பின், அதைக் கொடுத்தவரின் பெயர் என்ன ஆகும்? இக்கேள்விகள் எழுந்த வரலாற்றையும், அவற்றுக்குக் கிடைத்த விடைகளையும் ஹைதராபாத் நகரத்திலும் அதைச் சூழ்ந்துள்ள தக்காணத்துக் கிராமங்களிலும் நாம் தெளிவாகக் காணலாம். பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து இந்நகரிலும் பிற மாநிலங்களிலும் குடியேறியிருக்கும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. அதை இங்கே ஆராய்வோம்.

திரிகையும் பூவும்

தக்காணத்தின் பாட்டுச் செல்வத்தில் பெரும்பகுதி பெண்களுடையது. அது வேலையோடும் விழாவோடும் சேர்ந்து பிறந்தது. நாற்று நடும்போதும் களை பறிக்கும்போதும் பாடுவதற்கென்று பாடல்கள் இருந்தன. சோளத்தையும் கம்பையும் திரிகையில் இட்டு அரைக்கும் பெண்கள், கல் சுழலும் வேகத்துக்கேற்பப் பாடினார்கள். வைகறையில் ஒருத்தி அரைக்கத் தொடங்கினால் எதிரே அமர்ந்தவள் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பாள். பிஜாப்பூர்ச் சூஃபிப் பெரியோர்கள் இந்த வழக்கத்தை நன்கு அறிந்திருந்தார்கள். தங்கள் கருத்துக்களை எளிய தக்கணி உருதுவில் திரிகைப் பாட்டாகவும் இராட்டைப் பாட்டாகவும் தாலாட்டாகவும் அவர்கள் இயற்றிக் கொடுத்தார்கள். 'சக்கி நாமா' என்று பெயர் பெற்ற இப்பாடல்கள் ஏடுகளிலும் தங்கின. பெண்களின் நாவிலும் தங்கின. படிப்பில்லாத வீடுகளுக்குள் ஒரு கருத்து நுழைய வேண்டுமானால் அது பாட்டாகத்தான் நுழைய வேண்டும் என்பதை அப்பெரியோர்கள் கண்டுகொண்டார்கள்.

ஹைதராபாத் பழைய நகரத்து முஸ்லிம் வீடுகளில், திருமணத்துக்கு முந்திய நாட்களில் பெண்கள் கூடி டோலக் கொட்டிப் பாடும் வழக்கம் உண்டு. மணமகனையும் மாமியாரையும் நாத்தனாரையும் கேலி செய்யும் பாட்டுக்கள் அவற்றில் மிகுதி. நம் ஊர்களில் நலங்கு வைக்கும்போது சம்பந்திகளை ஏசிப் பாடும் பாட்டை அறிந்தவர்களுக்கு, மொழி விளங்காவிட்டாலும் சிரிப்பு விளங்கும்.

தெலங்கானாவின் பதுகம்மாத் திருவிழாவை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாட்கள் அது நடைபெறும். ஆவாரம்பூவையும் பண்ணைப்பூவையும் சாமந்தியையும் கோபுரம்போல் அடுக்கி நடுவே வைத்து, பெண்கள் வட்டமாகச் சுற்றி வந்து கைகொட்டிப் பாடுகிறார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஊஞ்சலைக் குறிக்கும் ஒரு சொல்லை ஒவ்வோர் அடியின் முடிவிலும் சேர்த்துத் திருப்பிப் பாடுகிறார்கள். நம் கும்மியின் உடன்பிறப்பே இது என்று கண்டவுடன் தோன்றும். 2014-ஆம் ஆண்டில் தெலங்கானா தனி மாநிலமானபோது பதுகம்மா மாநிலத் திருவிழா ஆயிற்று.

இப்பாடல்களுக்கெல்லாம் ஆசிரியர் இல்லை என்று சொல்வது வழக்கம். அது முழு உண்மை அன்று. ஒவ்வோர் அடியையும் என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் முதன்முதலாகப் பாடியிருக்க வேண்டும். அவரை அறிந்தவர்கள் இருந்த வரையில் அவர் பெயரும் இருந்தது. 'இது இன்னார் மகள் கட்டிய பாட்டு', 'இது எங்கள் ஊர்க் கிழவி பாடும் பாட்டு' என்று சொல்லியே அதைக் கற்றுக் கொடுத்தார்கள். பாட்டுக்கு விலை இல்லை. ஆனால் ஊரும் உறவும் இருந்தன. இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வீடுகளில் தோன்றிய வானொலி

நாட்டுப் பாடலைப் போலவே தென்னாட்டில் வானொலியும் வீடுகளிலிருந்தும் ஆர்வலர்களிடமிருந்தும் தோன்றியது என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி. அரசாங்கம் அதைத் தொடங்கவில்லை. 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் அமைந்தது. அதை முன்னின்று நடத்தியவர் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டி. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் தேதி அக்கழகம் 40 வாட் ஆற்றலுடைய சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் கழகம் ஓய்ந்துபோகவே, கருவி சென்னை நகரசபையின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் முதல் நகரசபை அதைக்கொண்டு மாலைதோறும் இசை பரப்பியது. 1938-ஆம் ஆண்டில்தான் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்து அப்பணியை ஏற்றுக்கொண்டது.

மைசூரில் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பரில் தம் இல்லத்திலேயே 30 வாட் நிலையம் ஒன்றை நிறுவினார். 'ஆகாசவாணி' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில் நாடு முழுவதற்குமுரிய வானொலியின் பெயராக விளங்கிய சொல், ஒரு பேராசிரியரின் வீட்டு நிலையத்துக்கு முன்பே அமைந்திருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஹைதராபாத்தின் கதையும் இத்தகையதே. தபால் தந்தித் துறையில் பணியாற்றிய மஹபூப் அலி என்பவர், 1930-களின் தொடக்கத்தில், அபிட்ஸை ஒட்டிய சிராக் அலி சந்தில் இருந்த தம் வீட்டிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கினார். அவருடைய கருவியின் ஆற்றல் 200 வாட். 1935-ஆம் ஆண்டில் நிஜாம் அரசாங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதுவே 'தக்காண வானொலி' என்று பெயர் பெற்றது. உருது மொழி அங்கே தலைமை பெற்றிருந்தபோதிலும் தெலுங்கு, மராத்தி, கன்னட நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன. 1948-இல் ஹைதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1950 ஏப்ரல் முதல் நாள் இந்நிலையம் இந்திய அரசாங்கத்தின் நிர்வாகத்துக்கு மாறியது.

தனியார் ஆர்வத்தால் பிறந்தவை இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக அரசின் கைக்குச் சென்றதில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. நன்மையை முதலில் சொல்வோம். ஒரு தனி மனிதர் தம் வருவாயைக் கொண்டு நாள்தோறும் நிலையம் நடத்த இயலாது. அரசு ஏற்றபின் ஆற்றல் மிக்க கருவிகள் வந்தன. இசைவாணர்க்குச் சன்மானம் கிடைத்தது. கிராம நிகழ்ச்சிகள் தோன்றின. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடியில் வயல் வேலை செய்துவந்த கருப்பாயி அம்மாளின் குரல் வானொலி வாயிலாகவே தமிழகத்துக்கு அறிமுகமாயிற்று. 1985-இல் 'ஆண்பாவம்' திரைப்படத்தில் அவர் பாடி நடிப்பதற்கு முன்பே வானொலி நேயர்கள் அவரை அறிந்திருந்தார்கள். 2025-இல் அவர் மறைந்தபோது, எழுதப் படிக்க அறியாத அப்பெருமாட்டியைப் பற்றி ஏடுகளெல்லாம் எழுதின.

குறை யாதெனில், பாட்டு நிலையத்தைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. பாடகி ஊரை விட்டு நகரத்துக்கு வந்து, குரல் தேர்வில் வென்று, குறித்த நாளில், குறித்த நிமிடத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். நடவுப் பாட்டுக்குச் சேறு வேண்டும். எதிர்க்குரல் கொடுக்கப் பத்துப் பெண்கள் வேண்டும். கண்ணாடி பதித்த அறையில் அது தனித்து நின்றது. மேலும் 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் ஒலிபரப்பை அரசின் தனியுரிமையாக வைத்திருந்தது. வானொலிப் பெட்டி வைத்துக் கேட்பதற்கே பல ஆண்டுகள் உரிமச் சீட்டு வாங்க வேண்டியிருந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேட்பதற்கே அந்நிலை என்றால், கிராமத்துப் பெண் தானே ஒலிபரப்புவது கனவிலும் எண்ண முடியாததாக இருந்தது.

ஏட்டில் ஏறிய பாடல்கள்

இதே காலத்தில் மற்றொரு தொண்டும் நடந்தது. கற்றறிந்தோர் சிலர் கிராமங்களுக்குச் சென்று பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார்கள். தமிழில் மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை' 1943-இல் வந்தது. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டி வைத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, 1958-இல் 'மலையருவி' என்னும் பெயரால் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் வாயிலாக வெளியிட்டார். ஹைதராபாத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பிருதுராஜு ராமராஜு தெலுங்கு நாட்டுப் பாடல்களை ஆராய்ந்து 1950-களில் டாக்டர் பட்டம் பெற்றார். அடுப்பங்கரைப் பாட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆசனம் கிடைத்தது எளிய செயல் அன்று.

ஆயினும் ஏட்டிலே சொல் மட்டுமே தங்கும், மெட்டு தங்காது. பாடியவர் எங்கே நிறுத்தினார், எங்கே விம்மினார், எந்த எழுத்தை இழுத்தார் என்பதை அச்சு எவ்வாறு காட்டும்? அத்துடன், திரட்டியவரின் பெயர் நூலின் முகப்பில் இருக்க, பாடியவரின் பெயர் பெரும்பாலும் விடுபட்டது. பேராசிரியர் நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பு இவ்வகையில் சிறந்த வழிகாட்டி. பாடலின் அடியிலே அதற்கு உதவியவர், சேகரித்தவர், பாடல் கிடைத்த இடம் ஆகியவற்றை அந்நூல் குறித்துச் செல்கிறது. இரண்டு வரிகளே ஆனாலும், ஒரு பாட்டை அனாதையாக்காமல் காப்பாற்ற அவ்விரண்டு வரிகள் போதும்.

மாச்சனூர்ப் பெண்களின் பத்தாண்டுக் காத்திருப்பு

இனி நம் வரலாற்றின் நடுப்பகுதிக்கு வருவோம். ஹைதராபாத்திலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் சென்றால் ஜஹீராபாத் வரும். அது அந்நாளில் மேதக் மாவட்டத்தில் இருந்தது. 2016 முதல் சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கிறது. மழையை நம்பிய மேட்டு நிலம். சோளம், கம்பு, தினை, துவரை ஆகியவை அங்கே விளைகின்றன. 1983-இல் தோன்றிய தக்காண வளர்ச்சிச் சங்கம் என்னும் தொண்டு நிறுவனம் அவ்வட்டாரத்துச் சிற்றூர்ப் பெண்களை ஊர்தோறும் சிறு சங்கங்களாக ஒன்றுசேர்த்தது. அப்பெண்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஓரிரண்டு ஏக்கர் நிலமுடைய உழவர்கள். விதைகளைக் கடையில் வாங்காமல் தாங்களே சேமித்து, ஒருவருக்கொருவர் விலையின்றிக் கொடுத்து வாங்கும் பழைய வழக்கத்தை அவர்கள் மீட்டெடுத்தார்கள். வாங்கிய விதையை அறுவடைக்குப் பின் கூடுதலாக அளந்து திருப்பிக் கொடுப்பது அங்கே முறை.

விதையை இவ்வாறு கொடுத்து வாங்கியவர்களுக்கு, பாட்டையும் அவ்வாறே கொடுத்து வாங்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. யுனெஸ்கோவின் உதவியுடன் 1998-இல் மாச்சனூர் என்னும் சிற்றூரில் ஒலிப்பதிவுக் கூடமும் ஒலிபரப்புக் கருவிகளும் அமைந்தன. கூடம் இருந்தது, கருவி இருந்தது, பாட்டும் பாடுவோரும் இருந்தனர். இல்லாதது ஒன்றே: அனுமதி.

அப்போது சட்டத்தின் நிலை என்ன? 1995 பிப்ரவரி மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. கிரிக்கெட் ஆட்டங்களை ஒளிபரப்புவது பற்றி வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே எழுந்த வழக்கு அது. 'வானலைகள் பொதுமக்களின் சொத்து. அவற்றை அரசோ தனியாரோ ஏகபோகமாக்கிக் கொள்ளலாகாது' என்னும் கருத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. பந்தாட்டத்துக்காக எழுந்த வழக்கு திரிகைப் பாட்டுக்கும் வழி திறந்தது! எனினும் தீர்ப்பு வேறு, உரிமம் வேறு. பெருநகரங்களில் ஏலத்தின் வழியே வணிக வானொலிகள் வந்தன. ஏலம் கேட்கப் பணமில்லாத உழவர் சங்கத்துக்கு அந்த வாயில் திறக்கவில்லை.

காத்திருந்த அந்தப் பத்தாண்டுகளை அப்பெண்கள் வீணாக்கவில்லை. பாடல்களையும் கதைகளையும் விதைநேர்த்தி முறைகளையும் கைமருந்துகளையும் நாடாக்களில் பதிவு செய்தார்கள். வானில் அனுப்ப முடியாததைக் கையில் எடுத்துச் சென்றார்கள். சங்கக் கூட்டங்களில் நாடாவை இட்டு ஒலிக்கச் செய்ய, சூழ்ந்திருந்த பெண்கள் கேட்டார்கள். கேட்டவர்கள் வாளா இருக்கவில்லை. 'எங்கள் ஊரில் இதை வேறு விதமாகப் பாடுவோம்' என்றார்கள். அந்த வேறு விதமும் பதிவாயிற்று. அச்சிட்ட நூலில் ஒரு பாட்டுக்கு ஒரே வடிவம் நிலைத்துவிடும். இங்கேயோ ஊருக்கு ஒரு வடிவம் உயிரோடு உலவியது.

நாட்டின் கதவுகள் மெல்லத் திறந்தன. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்தலாம் என்று அரசு இசைந்தது. அதன்படி 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா பண்பலை' தொடங்கியது. நாட்டின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி அதுவே. 2006 நவம்பரில் விதிகள் மேலும் தளர்ந்து, தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமை கிடைத்தது. கருவியின் பயனுறு ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு மேற்படக் கூடாது. நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூரில் உருவாக்கப்பட வேண்டும். உள்ளூர் மொழியிலும் வழக்கிலும் அமைதல் நன்று என்பன அவ்விதிகளுள் சில.

2008 அக்டோபர் 15-ஆம் தேதி, உலகக் கிராமப்புறப் பெண்கள் நாளன்று, மாச்சனூரில் 'சங்கம் ரேடியோ' ஒலிக்கத் தொடங்கியது. தொண்டு நிறுவனம் ஒன்றின் துணையுடன் கிராம மக்கள் நடத்திய சமுதாய வானொலிகளில் இந்தியாவிலேயே முதலாவது அது. வானலைகள் மக்கள் சொத்து என்று தீர்ப்பளித்த நீதிபதிகளுள் ஒருவரான பி. பி. சாவந்த் அதைத் தொடங்கி வைத்தது பொருத்தமான செயல். நிலையத்தை நடத்தும் பொறுப்பை நரசம்மா என்னும் ஒரே பெயருடைய இரு பெண்கள் ஏற்றிருந்தார்கள். 'ஜெனரல் நரசம்மா' என்று ஒருவரையும், ஊர்ப் பெயரைச் சேர்த்து 'அல்கோல் நரசம்மா' என்று மற்றவரையும் அழைத்தார்கள். இருவரும் ஏழை உழவர் வீட்டுப் பெண்கள்.

அவர்களுடைய நிகழ்ச்சிகளில் பேசியது நூல்மொழி அன்று, அவ்வட்டாரத்துத் தெலுங்கு. கன்னடமும் மராத்தியும் உருதுவும் கலந்த எல்லைப்புறப் பேச்சு அது. நகரத்து நிலையங்களில் 'கொச்சை' என்று ஒதுக்கப்பட்டது அங்கே அரியணை ஏறியது. அந்தி சாய்ந்து வயல் வேலை முடிந்தபின் கேட்பதற்கேற்ப நேரம் வகுக்கப்பட்டது. பாடகி நிலையத்துக்கு வர வேண்டிய கட்டாயமும் இல்லை. பதிவுக் கருவி வயல் வரப்புக்கே சென்றது. சிராக் அலி சந்தில் ஒரு தனி மனிதர் 200 வாட் கருவியால் தொடங்கியதை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து, அதனிலும் சிறிய கருவியால் உழவர் பெண்கள் மீண்டும் தொடங்கினார்கள். வானொலி வீட்டிலிருந்து அரசுக்குச் சென்று, பிறகு கிராமத்துப் பெண்களின் கைக்கும் வந்து சேர்ந்த கதை இது.

விலையின்மையும் பெயரின்மையும்

விலையின்றிப் பாட்டைக் கொடுப்பது நற்செயல் என்றோம். ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கொடுத்தவர் விலை கேட்கவில்லை என்பதற்காக அவர் பெயரையும் துடைத்துவிடலாம் என்று எண்ணுவோர் எங்கும் உண்டு.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாடல்கள் பருத்திக் காட்டிலும் சிறைச்சாலையிலும் வளர்ந்தவை. ஜான் லோமாக்ஸ் என்னும் அறிஞர், தம் மகன் ஆலனுடன் 1933-இல் அந்நாட்டு நூலகத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு தென் மாநிலங்களைச் சுற்றினார். லூசியானாச் சிறை ஒன்றில் ஹடி லெட்பெட்டர் என்னும் பாடகரைக் கண்டார். 'லெட் பெல்லி' என்று உலகம் அறிந்தவர் அவரே. தம் சிற்றப்பன்மாரிடம் கற்ற 'ஐரீன்' என்னும் பாட்டை அவர் பாட, அது பதிவாயிற்று. பிற்காலத்தில் அப்பாட்டின் பதிப்புரிமையில் லோமாக்ஸின் பெயரும் சேர்ந்தது. பாடகர் 1949 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டில் வேறொரு குழுவினர் பாடிய அதே பாட்டு அமெரிக்கா எங்கும் முதலிடம் பெற்று முழங்கியது. லோமாக்ஸ் இல்லையேல் அப்பாட்டு சிறைச் சுவருக்குள்ளேயே மடிந்திருக்கலாம். ஆயினும் பாட்டைக் காத்தவருக்கும் பாட்டுக்கு உரியவருக்கும் இடையே உள்ள கோடு எங்கே என்னும் கேள்வி அன்று தொடங்கி ஓயவில்லை.

இக்கேள்வி ஹைதராபாத்துக்கும் புதிதன்று. 1940-களின் தெலங்கானா உழவர் போராட்டத்தில், வண்டி பூட்டி வரும் நிலக்கிழாரை எதிர்த்துக் கேட்கும் பாட்டு ஒன்று ஊர் ஊராகப் பரவியது. அதைக் கட்டியவர் யாதகிரி என்னும் போராளி. 1980-இல் வெளிவந்த 'மா பூமி' என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் கத்தர் அதைப் பாடித் தோன்றினார். அவர் குரலின் ஆற்றலால் பாட்டு புதுவாழ்வு பெற்றது. ஆனால் அது கத்தர் இயற்றியதே என்று நம்பியவர்கள் பலர். 2021-இல் 'லவ் ஸ்டோரி' என்னும் தெலுங்குப் படத்தில் ஒரு நாட்டுப் பாடலின் எடுப்பை வைத்துப் புதிய பாட்டு அமைத்தார்கள். அது தான் தேடிக் கண்டெடுத்துப் பாடிவந்த பாட்டு என்று கிராமியப் பாடகி ஒருவர் முறையிட்டார். அவர் பெயரைக் குறிப்பிடவும் பணம் அளிக்கவும் படத்தின் இயக்குநர் இசைந்தார். வழக்கின்றி முடிந்தது நல்லதே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிதல் நலம். தலைமுறைகளாக வழங்கிவரும் நாட்டுப் பாடலுக்குத் தனியொருவர் உரிமை கொண்டாட 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் பாடியவருக்குத் தம் நிகழ்த்தலின்மீது தனி உரிமை உண்டு என்று 1994-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. முதலில் 25 ஆண்டுகளாக இருந்த அவ்வுரிமைக் காலம் 1999-இல் 50 ஆண்டுகளாக உயர்ந்தது. ஆகவே பாட்டு ஊருக்குச் சொந்தமாயினும், பாடிய குரல் பாடியவருக்கே சொந்தம். அவர் இசைவின்றி அதைப் பதிவு செய்து பரப்புதல் முறையன்று. திரிகையடியில் கிழவிகள் கடைப்பிடித்த நெறியைச் சட்டம் காலம் தாழ்த்திக் கண்டுகொண்டது எனலாம்.

நாம் செய்யக்கூடியது

இனி நம்மைப் பற்றிச் சிந்திப்போம். சிக்கந்தராபாத்திலும் பெங்களூரிலும் மும்பைத் தாராவியிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டு வரும்போது பாத்திரங்களோடும் துணிமணிகளோடும் பாட்டையும் கொண்டுவந்தன. திருநெல்வேலிக் கும்மியும் கொங்கு நாட்டு மங்கல வாழ்த்தும் தஞ்சை நடவுப் பாட்டும் இவ்வீடுகளின் மூலைகளில் இன்னும் இருக்கின்றன. ஆனால் பாட்டுக்கு வேண்டிய சேறும் களமும் திரிகையும் இங்கே இல்லை. பாட்டிக்குப் பாட்டு தெரியும். மகளுக்குப் பாட்டின் நினைவு தெரியும். பேத்திக்குப் பாட்டு இருந்தது என்ற செய்திகூடத் தெரியாது. மூன்று தலைமுறைக்குள் ஒரு செல்வம் அழிகிறது. பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் கற்கும் குழந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. கேளாத பாட்டை அது எவ்வாறு பாடும்?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒன்று சொல்லலாம். அரசாங்கச் சுற்றறிக்கையை எம்மொழிக்கும் பெயர்க்கலாம். தாலாட்டைப் பெயர்ப்பது அரிது. தாலாட்டில் வரும் 'மாமன்' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் தாயின் உடன்பிறந்தான் என்று எழுதினால் உறவு விளங்கும். அவன் கொண்டுவரும் சீரும், அவன் மடியில் அமர்த்திக் காது குத்தும் உரிமையும், அவனிடம் தாய் கொள்ளும் பெருமிதமும் விளங்கா. தெலுங்கில் 'மேனமாம' என்றால் ஓரளவு விளங்கும். ஏனெனில் அவர்களிடமும் அச்சீர் உண்டு. எனினும் குரலின் குழைவை எந்த அகராதியாலும் பெயர்க்க முடியாது. ஆதலால் பாட்டை அதன் மொழியிலேயே, அதைப் பாடுபவரின் குரலிலேயே காக்க வேண்டும்.

மாச்சனூர்ப் பெண்களுக்குக் கருவியும் உரிமமும் பெறப் பத்தாண்டு ஆயிற்று. நம் கைப்பேசியில் பதிவுக் கருவி இருக்கிறது. பதிவு செய்ததை இணையத்தின் வழியே உலகெங்கும் விலையின்றி அனுப்ப இன்று ஒலிபரப்பு உரிமம் தேவையில்லை. தேவையானவை சில முறைகள் மட்டுமே. முதலாவது, பாடுகிறவரின் இசைவைப் பெறுதல். 'இதைப் பிறரும் கேட்கலாமா?' என்று முன்னதாகக் கேட்டுவிட வேண்டும். தாலாட்டைத் தருகிறவர் ஒப்பாரியைத் தர விரும்பமாட்டார். அது அவர் துயரம். அத்துயரத்தை மதித்தல் வேண்டும். இரண்டாவது, பாடியவர் விரும்பினால் அவர் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும், எவ்வேளையில் பாடுவது என்பதையும் பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்லச் செய்தல். எழுதிய குறிப்பு தொலைந்துபோகலாம். குரலோடு சேர்ந்த குறிப்பு தொலையாது. மூன்றாவது, திருத்தாமல் பதிவு செய்தல். அடி மறந்து நிற்பதும், இடையே சிரிப்பதும், பேரனை அதட்டுவதும் பாட்டின் பகுதியே. நான்காவது, ஒரே பாட்டு இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக இருந்தால் இரண்டையும் காத்தல். எது சரி என்று வழக்காடாமல் இருத்தல்.

தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவிலே பட்டிமன்றமும் கோலப் போட்டியும் நடத்துகின்றன. அவற்றோடு, தம் வட்டாரத்து முதியோர் பத்துப் பேரின் பாட்டுக்களை ஆண்டுதோறும் பதிவு செய்து வெளியிடுவதையும் ஒரு பணியாகக் கொள்ளலாம். செலவு மிகச் சிறிது. பத்தாண்டில் நூறு பேரின் குரல் திரண்டுவிடும்.

விதையை மண்பானையிலே பூட்டி வைத்தால் சில ஆண்டுகளில் அது முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும் என்பதை ஜஹீராபாத்து உழவர் பெண்கள் அறிவார்கள். அதனால்தான் ஆண்டுதோறும் விதைக்கிறார்கள், அடுத்தவருக்கும் கொடுக்கிறார்கள். கொடுக்கும்போது இது யார் வீட்டு விதை என்று சொல்லியே கொடுக்கிறார்கள். நம் வீட்டுப் பாட்டையும் நாம் அவ்வாறே கொடுப்போமாக.